தோலைக் காட்டட்டும்

"உலகநாதன் ஐயா நம்ப துட்டத் திருடினாரா, இல்லியா? ஒரே சொல்லுல சொல்லு" என்று செங்கமலம் கேட்டதும், கரும்புக் கரணை வெட்டிக்கொண்டிருந்த வீரப்பன் அரிவாளைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.

"திருடறவன் நெழல்ல உக்கார வெச்சி மோர் குடுப்பானாமே? திருட்டுன்னா ராத்திரியில செவுத்துல கன்னம் வெப்பான். நாய் கொலைக்கும். இங்க நானாத்தான் போயி நீட்டனன், அவுரு வாங்கனாரு. இதுல திருட்டு எங்க வந்துச்சி?"

அதற்காக விடுகிறவள் அல்ல செங்கமலம். அடுத்த வீட்டுக்கு நடந்தாள். அங்கே ஆதிலட்சுமி, உலகநாதன் வட்டிக்குப் பணம் வாங்கி நடத்திய நிதியில் தான் சல்லிக்காசு போடவேயில்லை என்று பிள்ளையின் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். அவள் முடிச்சும் கையுமாக நிதி வாசலில் நின்றதைச் செங்கமலமே பார்த்திருக்கிறாள். ஏமாந்தவள் என்ற பெயர் வருவதைவிட, போனது போகட்டும் என்று இருந்துவிடலாம் போலிருந்தது ஆதிலட்சுமிக்கு. இன்னொரு வீட்டில், பணமெல்லாம் புதுச்சேரியில் வெள்ளைக்காரன் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது, பெட்டியின் சாவிதான் கடலில் விழுந்துவிட்டது என்றார்கள். வேறொருவர், சனி பார்த்துவிட்டான், மனுஷனைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது என்றார். உறுவையாறு முழுக்க அலைந்தும் திருடினார் என்று சொல்ல ஒரு வாய் அகப்படவில்லை. பணத்தைப் பறிகொடுத்த ஊர், எடுத்தவனுக்கு இத்தனை அக்கறையாக வக்காலத்து வாங்குவதைப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உலகநாதன் நிதி ஆவணியில் மூடிக்கொண்டது. ஒரு நாள் காலையில் கதவில் பூட்டுத் தொங்கியது, அவ்வளவுதான். உலகநாதன் மச்சான் வீட்டுக்குப் போய்விட்டார். மச்சான் வீடு தூரமில்லை. வாய்க்காலைத் தாண்டி இரண்டு வயல் நடந்தால் வந்துவிடும். ஆனால் வாய்க்காலுக்கு அந்தப்புறம் இங்கிலீஷ்காரன் எல்லை. இந்தப் பக்கத்துப் பிரெஞ்சுப் போலீஸ் அங்கே கால் வைக்கக் கூடாது. அங்கிருந்து அவர் சொல்லியனுப்பிய சேதி இதுதான்: நிதிப் பணத்தை வேர்க்கடலையில், அந்த மணிலாக்கொட்டை வியாபாரத்தில் போட்டேன், விலை விழுந்துவிட்டது, பணம் போய்விட்டது, நான் என்ன செய்வேன்.

செங்கமலத்தின் பணம் நடவு நட்டுச் சேர்த்ததில்லை. புருஷன் கண்ணையன் சைகோன் கப்பலில் கரி தள்ளப் போய்க் காய்ச்சலில் செத்ததற்குக் கப்பல்காரர்கள் அனுப்பியது. அதைத் தொட்டுச் சாப்பிட மனம் வராமல் நிதியில் போட்டு வைத்திருந்தாள். அவள் குடிசை இருந்த மனை முத்துசாமி என்ற பண்ணைக்காரருடையது. மனையை விலைக்குத் தருவதாக அவர் ஒப்புக்கொண்டிருந்தார். தை பிறப்பதற்குள் பணம் வராவிட்டால் அங்கே செங்கல் சூளை போடப்போவதாகவும் சொல்லியிருந்தார். மனை சொந்தமாகிவிட்டால், கூலியில் ஒரு பேச்சு கூடக்குறைய ஆனதற்காக யாரும் அவள் அடுப்பைத் தூக்கி வெளியே எறிய முடியாது. அவள் கேட்டது அவ்வளவுதான்.

வில்லியனூர் கோர்ட்டில் தமிழைப் பிரெஞ்சாக்கி நீதிபதித் துரைக்குச் சொல்லும் செல்லப்பன்தான் அவளுக்கு வழி சொன்னது. நல்ல மனிதர், ஆனால் பேச்சில் பிசிறு இருக்காது.

"நீ ஒருத்தி வந்து சொன்னா அது கடன் வழக்கும்மா. வருஷக்கணக்கா இழுக்கும். பத்து வூட்டுக்காரங்க வந்து, எதுக்குக் குடுத்தோம், எப்படிப் போச்சின்னு சொன்னாத்தான் துரை அத மோசடின்னு எடுப்பாரு. எடுத்துட்டா இங்கிலீஷ்காரனுக்கு எழுதி ஆளைக் கொண்டாந்துடலாம். ஆனா ஒண்ணு. நீ சொல்லிக் குடுத்துக் கூட்டியாராத. துரை தனித்தனியாக் கேப்பாரு, ஒரே கேள்வியில சாயம் வெளுத்துடும். அவுங்க மனசுல இன்னா இருக்குதுன்னு கேளு. கேக்கறதோட நிறுத்திக்கோ."

கேட்டாயிற்று. மனசில் இருந்தது வந்ததும் ஆயிற்று. இரண்டு நாள் நடவு வரப்பில் நின்று யோசித்த பிறகு, தப்பு ஊரிடம் இல்லை, தன் கேள்வியிடம்தான் என்று செங்கமலத்துக்குப் பட்டது. திருட்டு என்றால் அவர்களுக்குக் கன்னக்கோல்தான் கண்ணுக்குத் தெரிகிறது. நிதியில் நடந்தது வேறு விதம். அதற்கு அவர்களிடம் பெயர் இல்லை. பெயர் இல்லாததை எப்படிச் சொல்வார்கள்?

அதனால் கேள்வியை மாற்றினாள். "உன் விதை நெல்ல ஒருத்தன் வூட்டுல பத்திரமா வெச்சிருன்னு குடுக்கற. விதைக்கற நாள்ல போயிக் கேட்டா, தின்னுட்டேன்றான். அவன் யாரு?" இந்தத் தடவை வீரப்பன் சிரிக்கவில்லை. "அவன் மனுஷனா?" என்று காறித் துப்பினான். போகிற வீடெல்லாம் அதே கோபம். செங்கமலத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்த வேகத்திலேயே பவுனம்மாள் வீட்டுக்குப் போனாள். நிதியில் எல்லோரையும்விட அதிகம் போட்டிருந்தது அந்த அம்மாள்தான். சொந்த நிலம், சொந்தக் கரும்பு, யாருக்கும் வளையாத நாக்கு. அவள் வந்து நின்றால் துரை நிமிர்ந்து உட்காருவார்.

வாசலுக்கு வெளியே முருங்கை மரத்தடியில் நின்று செங்கமலம் கேட்டாள். பவுனம்மாள் முறத்திலிருந்து தலையைத் தூக்காமல் முழுக்கக் கேட்டுக்கொண்டாள்.

"பத்திரமா வெச்ச நெல்லு குட்டி போடுமாடி?"

"இன்னாம்மா?"

"மாசாமாசம் வட்டி வாங்கனியே. நானும் வாங்கனன். நெல்லு குதிருலயே கெடந்தா வட்டி எங்கேர்ந்து வரும்? எடுத்துப் பொழங்கட்டும்னுதானே குடுத்தோம். பொழங்கறதுல போவும் வரும். விதை நெல்லு கதைய என்கிட்ட சொல்லாத."

செங்கமலத்துக்கு முகத்தில் அறைந்தாற்போல் ஆயிற்று. கோபம் வந்தது, சொன்னது உண்மை என்பதால் இன்னும் அதிகமாக வந்தது. வட்டியில் அவளும் போன பொங்கலுக்கு வெல்லமும் ஒரு பித்தளைச் சொம்பும் வாங்கினவள்தான். இந்தப் பதிலைக் காதில் விழாதது மாதிரி விட்டுவிடலாம். மற்ற வீட்டுக்காரர்களை மட்டும் அழைத்துக்கொண்டு போகலாம். போனால் துரை முதல் கேள்வியாக இதைத்தான் கேட்பார். எப்படியும் மென்று முழுங்கிவிடக்கூடிய பதில் இல்லை இது. கிளம்ப மனமில்லாமல் அங்கேயே நின்றாள்.

அப்போதுதான் பக்கிரி வந்தான். பவுனம்மாளின் ஆடுகளை வாரத்துக்கு வளர்ப்பவன் அவன்: ஆடு அவளுடையது, மேய்ப்பு அவனுடையது, குட்டிகளில் ஆளுக்குப் பாதி. தோளில் ஈரச் சாக்கு ஒன்று. வாசலுக்கு வெளியே அதை விரித்தான். உள்ளே ஆட்டுத் தோல், காதோடு.

"கழிச்சல் கண்டுடுச்சிம்மா. ரெண்டு நாளாத் தழை தொடல. விடியக்கால போயிடுச்சி."

பவுனம்மாள் முறத்தை வைத்துவிட்டு இறங்கி வந்தாள். குனிந்து இடது காதைப் பார்த்தாள். அவள் வீட்டு ஆடுகளுக்குப் போடும் இரட்டை வெட்டு அதில் இருந்தது. "பாவம், சூல் ஆடாச்சே" என்றாள். வேறு ஒரு வார்த்தை கேட்கவில்லை. பக்கிரி தோலைச் சுருட்டிக்கொண்டு போனான். ஒரு ஆடு போயிருக்கிறது, வயிற்றுக் குட்டியில் பாதி நஷ்டம் அவனுக்கும்தான், சண்டை இல்லை, சத்தம் இல்லை.

சொல்லிக் கொடுக்காதே, கேள் என்ற செல்லப்பனின் குரலைச் செங்கமலம் இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, இன்னொண்ணு கேக்கறன். ஆடு செத்துப்போச்சின்னு வந்து சொல்றவன் தோலக் காட்டலன்னா?"

"வித்துட்டான்னு அர்த்தம். இது தெரியாதா?" சொன்ன பிறகுதான் பவுனம்மாளுக்கு எங்கே வந்து நிற்கிறோம் என்று தெரிந்தது. செங்கமலத்தை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சரி. நீ போயித் தோலக் கேட்டியாடி? கேக்காம ஒருத்தன மோசக்காரன்னு சொல்றது முறையில்ல. போயிக் கேளு. அவரு காட்டலன்னா நான் வந்து துரைகிட்ட சொல்றன்."

மறுநாள் ஊருக்குள் கேள்வி தானாகவே நடந்தது. வாரத்து ஆடு செத்தால் என்ன முறை என்று செங்கமலம் ஆரம்பித்ததுமே, குட்டிதான் வட்டி, ஆடுதான் முதல், தோல் எங்கே என்று அவர்களே கோத்துவிட்டார்கள். ஆதிலட்சுமி தான் போட்ட தொகையைக் கூடச் சொல்லி அழுதாள். மோர் குடித்ததை வீரப்பன் மறுபடி சொன்னான். இந்தத் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். ஒன்பது வீடு கோர்ட்டுக்கு வருவதாயிற்று. பத்தாவது பவுனம்மாள். அவள் சொன்னபடி செங்கமலம் வாய்க்காலைத் தாண்டினாள்.

உலகநாதன் மச்சான் வீட்டுப் பந்தலடியில் சாய்வு நாற்காலியில் இருந்தார். அவளைக் கண்டதும் எழுந்துவிட்டார். பிறகு எல்லை ஞாபகம் வந்து உட்கார்ந்தார்.

"இன்னா, இங்க வந்து கலாட்டா பண்ணப் போறியா?"

"இல்லீங்க ஐயா. ஊர்ல எல்லாரையும் கேட்டன், உங்களதான் கேக்கல. துட்டு மணிலாக்கொட்டையில செத்துப்போச்சின்றீங்க. தோலக் காட்டுங்க."

அவரும் ஆடு வாரத்துக்கு விட்ட குடும்பம்தான். புரியாமலில்லை. ஆனால் பேச ஆரம்பித்தார்: விலை விழுந்தது, கப்பல் வராமல் நின்றது, உலகமே முடங்கிப்போனது, கூலிக்காரிக்கு வியாபாரம் தெரியுமா. பேசப் பேசக் குரல் ஏறியது. செங்கமலம் இடையில் புகவில்லை. அவர் மூச்சு வாங்க நிறுத்தியபோது மட்டும் கேட்டாள்.

"வாங்கன கொட்டைய எங்க ஐயா போட்டு வெச்சீங்க? எந்த வண்டிக்காரன் ஏத்தனான்? பேரு சொன்னா நான் போயி அவனையும் கேட்டுக்கறன்."

பதில் உள்ளேயிருந்து வந்தது. கதவோரம் அவர் மனைவி தையலம்மாள் நின்றுகொண்டிருந்தாள்.

"எந்த வண்டி? நிதி நடந்தது நம்ப வூட்டுலதானே. ஒரு மூட்டை வந்து எறங்கி நான் பாக்கலியே."

"உள்ள போ" என்றார் உலகநாதன்.

"பாக்கல. ஒரு கொட்டை, ஒரு தொலி, கண்ணால பாக்கல. என்கிட்டயும் கொட்டை வாங்கணும்னு சொல்லித்தான் கையில கெடந்தத கேட்டு வாங்கனீங்க."

"உள்ள போன்னு சொன்னன்."

தையலம்மாள் உள்ளே போகவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, செருப்பைக் கூடத் தேடாமல் படி இறங்கினாள். அவள் அண்ணன், அந்த வீட்டுக்காரர், மாட்டுத் தொட்டியருகே நின்றபடி பார்த்தார்; தடுக்கவில்லை. வாங்கம்மா என்று ஒரு வார்த்தை சொன்னாலும் அது தான் அழைத்ததாகிவிடும் என்று செங்கமலம் பயந்தாள். ஒதுங்கி வழிவிட்டாள். அந்த அம்மாள் வில்லியனூர்ப் பாதையைப் பார்த்து முன்னால் நடந்தாள், இவள் பின்னால்.

வாய்க்கால் மதகில் சுங்கச் சாவடிச் சிப்பாய் மூங்கிலைக் குறுக்கே போட்டிருந்தான். போகிறவர் வருகிறவர் எல்லோரையும் கேட்பதைக் கேட்டான்.

"இன்னா எடுத்துனு போறீங்க? காட்டுங்க."

தையலம்மாள் இரண்டு கைகளையும் அவன் முன்னால் நீட்டினாள். வெயில் படாமல் இருந்த இடம் மணிக்கட்டில் வெளுத்து, ஒரு கைக்கு நான்கு வளையல் கிடந்த அகலத்துக்குத் தெரிந்தது. சிப்பாய் கைகளைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான், பிறகு மூங்கிலைத் தூக்கினான்.