பத்தொன்பதிலேயே நின்ற கோல்கீப்பர்

புதிய கோச் வந்த மூன்றாம் நாள் காலை, நொயேமி ஒல்வேரா கதவைத் தட்டாமல் அவருடைய அறைக்குள் நுழைந்து, பதினொரு வருடமாகப் பத்தொன்பது வயதிலேயே இருக்கும் தன் அண்ணன் எலிசியோவை இந்த சீசனிலாவது ஆட்டத்தில் இறக்க வேண்டும் என்று கேட்டாள். கன்சாஸ் மாநிலத்து ஆர்க்கெல் கல்லூரியில் யாரும் வாய்விட்டுக் கேட்கக் கூடாத ஒன்று உண்டென்றால் அது இதுதான். ஒவ்வொரு ஆகஸ்டிலும் கால்பந்துப் பையன்களின் குடும்பங்களைச் சாப்பாட்டுக் கூடத்தில் உட்காரவைத்து, ஆளுக்கொரு ஹாட் டாக்கைக் கையில் கொடுத்து, விளையாட்டுத் துறைத் தலைவர் ஒரே பேச்சைப் பேசுவார். காயத்தைப் பற்றிக் கேளுங்கள், பஸ் எப்போது திரும்பும் என்று கேளுங்கள், பிள்ளை ஒழுங்காகச் சாப்பிடுகிறானா என்று கேளுங்கள். அவனை ஏன் இறக்கவில்லை என்று மட்டும் கோச்சிடம் கேட்காதீர்கள். நொயேமியின் அம்மா ஹஸிந்தா அந்தப் பேச்சை வருடம் தவறாமல் கேட்டு, வீட்டுக்கு வந்து மகளுக்கு வேதம் போல ஓதியிருந்தாள்.

கோச்சின் பெயர் ஆல்டன் கேசிமிர். டிரினிடாட்காரர். அவருடைய பந்துகள் இன்னும் கார் டிக்கியிலேயே கிடந்தன. ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க அவனுக்கு அக்காவா, தங்கச்சியா?"

"பொறந்தப்போ தங்கச்சி. இப்போ மூணு வயசு மூத்தவ."

கோச் ஆச்சரியப்படவில்லை. அவருடைய ஊரில் ஒரு லைன்ஸ்மேன் செத்துப்போய் ஆறு வருடம் கழித்தும் ஆஃப்சைடுக்குக் கொடி தூக்கிக்கொண்டிருந்தார். அதிலும் பெரும்பாலும் சரியாகத்தான் தூக்கினார். "இதைப் பத்தி நான் பேசவே கூடாதும்மா," என்றார். "பேசினேன்னு தெரிஞ்சா முதல் வாரத்துலயே மூட்டை கட்ட வெச்சிடுவாங்க."

"அப்ப பேசாதீங்க. இறக்குங்க," என்று சொல்லிவிட்டு அவள் வெளியே வந்தாள்.

எலிசியோவுக்கு நடந்ததில் மர்மம் எதுவும் இல்லை. கல்லூரியில் ஆடுகிற ஒவ்வொருவனுக்கும் நான்கு சீசன்தான். ஒரு சீசன் முழுக்க ஆடாமல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டால் அந்த வருடம் செலவாகாது, அப்படியே கையில் நிற்கும். ஒரே ஒரு நிமிடம் களத்தில் கால் வைத்தாலும் முழு வருடமும் எரிந்துவிடும். இதற்குச் சிவப்புச் சட்டை போடுவது என்று பெயர், ஆர்க்கெலில் சட்டை நீலம் என்றாலும். முதல் கோச், ஏற்கெனவே நல்ல கோல்கீப்பர் இருக்கிறானே என்று எலிசியோவின் வருடத்தைச் சேமித்துவைத்தார். இரண்டாவது கோச், அணி இவ்வளவு மோசமாக இருக்கும்போது ஒரு நல்ல பையனின் வருடத்தை ஏன் வீணாக்க வேண்டும் என்று சேமித்தார். மூன்றாவது கோச்சின் காலத்தில் அணி நன்றாக ஆடியது. எதற்கு இருப்பதைக் கலைக்க வேண்டும் என்று அவரும் சேமித்தார். மூவரும் அவன் தோளைத் தட்டி, "அடுத்த வருஷம் உன் வருஷம்டா," என்றார்கள். செலவாகாத வருடம் எப்படி உடம்பில் ஏறும்? முதலில் கவனித்தவர் பல் டாக்டர். பாதி முளைத்த கடைவாய்ப்பல் மூன்று வருடமாகப் பாதியிலேயே நிற்கிறது என்று சொல்லி, அதற்கும் சேர்த்துக் கட்டணம் வாங்கிக்கொண்டார்.

ஊர் இதைச் சீக்கிரம் பழகிக்கொண்டது. கேக்கில் ஒவ்வொரு வருடமும் அதே பத்தொன்பது மெழுகுவர்த்தி. அவனோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் இப்போது மதுக்கடை வைத்திருந்தான். "சட்டம்னா சட்டம்தான் மச்சான், உனக்கு இன்னும் இருபத்தொண்ணு ஆகலையே," என்று உண்மையான வருத்தத்தோடு பீர் தர மறுத்தான். மரிசேலா என்ற பெண் மூன்று வருடம் காத்திருந்துவிட்டு ஒரு லாரிக்காரனைக் கட்டிக்கொண்டாள். அவளுடைய மூத்த பையன் இப்போது சாயங்காலங்களில் எலிசியோவை விளையாடக் கூப்பிட்டான். கல்லூரியில் இருந்த எல்லாத் துறைகளிலும், மாட்டுத் தீவனம், மண்பாண்டம் உட்பட, எலிசியோ முதல் செமஸ்டர் மட்டும் படித்திருந்தான். எல்லாவற்றிலும் நல்ல மார்க். அவன் மென்மையான பையன். யாரிடமும் குறை சொன்னதில்லை. தன்னைவிட மூத்தவளாகிவிட்ட தங்கையை, முதலில் கேலிக்கும் பிறகு பழக்கத்திலும், அக்கா என்றே கூப்பிட்டான்.

குறை சொல்வதற்கு நொயேமி இருந்தாள். அவள் அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி. அண்ணன் நுழைந்து பதினொரு வருடமாக வெளியே வராத அதே கல்லூரியில் நான்கே வருடத்தில் வேதியியல் முடித்திருந்தாள். விச்சிட்டா நகரத்து ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது. சேரும் தேதியை இரண்டு தடவை தள்ளிப்போட்டாள். இரண்டு தடவையும் அம்மா கேட்டது ஒரே கேள்வி: "நீயும் போயிட்டா அந்தப் பச்சப் புள்ளைக்கு யாருடி இருக்கா?" அதனால் பட்டதாரி அம்மாள் கல்லூரியின் சலவை அறையில் இருபத்தாறு பையன்களின் வியர்வைச் சட்டைகளைத் துவைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வந்த கோபத்திலேயே தண்ணீர் சூடாகி, மெஷின் அடுப்பில்லாமல் வெந்நீரில் ஓடியது என்று சொல்வார்கள். அது உண்மை, எரிவாயுக் கட்டணம் குறைந்திருந்தது.

ஹஸிந்தாவைக் கெட்டவள் என்று சொல்லவும் வழியில்லை. ஆர்க்கெலில் எல்லாரும் மாட்டிறைச்சி ஆலையில்தான் வேலை செய்தார்கள், அதன் வாசலுக்குள் போனது எதுவும் முழுசாகத் திரும்பியதில்லை. அவள் கணவர் கில்பெர்த்தோ இருபது வருடம் கத்தி பிடித்தவர். விரல்கள் பாதி மடங்கியபடியே நின்றுவிட்டன, காபிக் கோப்பையை இரண்டு கையாலும் ஏந்தித்தான் குடிப்பார். அவளுக்கு இடுப்பு போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மகன் தூங்குவதைக் கதவருகே நின்று பார்ப்பாள். கன்னத்தில் ஒரு கோடு கிடையாது. "இந்த வீட்டுல செலவாகாம இருக்கிறது அவன் ஒருத்தன்தான்டி. அதையும் எடுத்துச் செலவு பண்ணணுமா?" என்பாள். நொயேமியிடம் இதற்குப் பதில் இருந்தது. சொன்னால் அம்மா அழுவாள் என்பதால் பாத்திரத்தை டம்மென்று வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

கேசிமிரின் சீசன் மோசமாகத் தொடங்கியது. முதல் நான்கு ஆட்டமும் தோல்வி. கன்சாஸ் காற்றை அவர் அதற்குமுன் பார்த்ததில்லை. செப்டம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை, அணியின் கோல்கீப்பர் டான்னர் உதைத்த பந்து மேலே போய் வியாழக்கிழமைதான் இறங்கியது. நடுவர் வந்து பார்த்துவிட்டு எதிரணிக்குத் த்ரோ கொடுத்தார். அதன்பிறகு கேசிமிர் பையன்களைச் செருப்பில்லாமல் களத்தின் நடுவில் கண்ணை மூடிப் படுக்கவைத்தார். காற்று எந்தப் பக்கம் திரும்பப்போகிறது என்பதைப் புல் முன்கூட்டியே சொல்லும், முதுகால் கேளுங்கள் என்றார். பையன்கள் சிரித்தார்கள், கேட்டார்கள், பந்தைத் தரையோடு ஆடக் கற்றுக்கொண்டார்கள். இதற்கிடையில், ஆட்டத்துக்கு ஆட்டம் எலிசியோ பெஞ்சிலேயே இருப்பதைப் பார்த்த நொயேமி, கோச்சின் வெள்ளை ஜாக்கெட்டை வேண்டுமென்றே சிவப்பு சாக்ஸோடு போட்டுத் துவைத்தாள். அது ரோஜா நிறமாகி வந்தது. கோச் அதையே மாட்டிக்கொண்டு நின்றார். அன்று அணி முதல் முறையாக வென்றது. அதற்குப் பிறகு அதைக் கழற்றச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. ஐந்து ஆட்டம் தொடர்ந்து வென்றார்கள். தன் கோபத்தால் அணி முன்னேறுவது நொயேமிக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அக்டோபரில் ஒருநாள் உலர்ந்த துண்டுகளை இடைவேளையில் பெஞ்சுக்கு எடுத்துப்போனபோதுதான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. கோச் குனிந்து, எலிசியோவிடம் மெதுவாக, "விருப்பம்னா எழுந்திருப்பா," என்றார். எலிசியோ ஷூ லேஸைக் கட்டத் தொடங்கினான். கோச் காத்திருந்தார். லேஸ் முடியவே இல்லை. கோச் நகர்ந்து போனார்.

"என்ன இது?" என்று நொயேமி டான்னரைப் பிடித்தாள். நெப்ராஸ்காவிலிருந்து வந்த டான்னர் கதவளவு உடம்பும் குழந்தை முகமும் கொண்டவன், எதையும் மறைக்கத் தெரியாதவன்.

"முதல் மேட்ச்லேர்ந்தே கேக்குறாரே. ஒவ்வொரு மேட்ச்சும் கேப்பாரு. ஒவ்வொரு மேட்ச்சும் இவன் லேஸ் கட்டுவான். உங்களுக்குத் தெரியாதா?"

அன்று சாயங்காலம் அழுக்குச் சட்டைக் கூடையைத் தூக்கிக்கொண்டு எலிசியோ சலவை அறைக்கு வந்தான். அவள் கதவைச் சாத்தினாள்.

"எல்லாரும் வாயைப் பொத்துங்கன்னு சொன்னதை நான் போய்க் கேட்டேன். உனக்காக. நீ என்னடான்னா லேஸ் கட்டிக்கிட்டு உக்காந்திருக்க."

"என்னைக் கேட்டுட்டா கேட்ட?" என்றான் அவன். முதல் தடவையாக அவன் குரல் உயர்ந்தது. "எல்லாரும் எனக்காகவே ஏதாவது பண்றீங்க. அம்மா சேத்து வெக்குறா. நீ செலவு பண்ணச் சொல்ற."

"சரி, இப்ப கேக்குறேன். வயசாயிடும்னு பயமா?"

அவன் கூடையைக் கீழே வைத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்தான். "வயசெல்லாம் பயமில்ல அக்கா. இந்த ஊர்ல என்னைவிட நல்ல கீப்பர் இல்லைன்னு பதினோரு வருஷமா எல்லாரும் சொல்றாங்க. ஒருத்தனும் பாத்ததில்ல. உள்ள போயி நின்னு, நான் சும்மா ஒரு ஆளுன்னு தெரிஞ்சிட்டா?"

"சும்மா ஆளாத்தான் இரேன்டா. நாங்கல்லாம் என்ன, கிரீடம் வெச்சுக்கிட்டா திரியறோம்?"

அவன் சிரித்தான், ஆனால் தலையை ஆட்டவில்லை. நொயேமி ஒரு மெஷின் நிறைய சட்டையை உள்ளே திணித்து மூடினாள். பிறகுதான் சொன்னாள், விச்சிட்டாவுக்கு மூன்றாவது தடவை போன் செய்து வருகிறேன் என்று சொல்லிவிட்டதை. கடைசி ஆட்டத்தன்று கிளம்புவதாக ஏற்பாடு. "நீ எழுந்தாலும் போவேன். உக்காந்தாலும் போவேன். எனக்காக எழுந்திருக்காத, என்ன? அதையும் என் தலையில கட்டாத."

கடைசி ஆட்டம் சொந்தக் களத்தில். அன்றைக்குப் படிப்பை முடிக்கும் பையன்களைக் குடும்பத்தோடு களத்தின் நடுவுக்கு நடத்திப் பூச்செண்டு கொடுப்பது வழக்கம். எலிசியோ அதை வேலியோரம் நின்று பதினோராவது முறையாகக் கைதட்டிப் பார்த்தான். மேல்சுற்றுக்கு அணி ஒரு புள்ளியில் தவறிவிட்டிருந்தது. மில்லர்ட் கல்லூரியோடு நடந்த அந்த ஆட்டத்தில் வெல்வதற்கோ தோற்பதற்கோ எந்த அர்த்தமும் இல்லை. இரண்டுக்கு இரண்டு. கல்லூரி ஆட்டங்களில் கடிகாரம் பின்னோக்கித்தான் ஓடும், அது இருபதைக் காட்டியபோது கோச் பெஞ்சருகே குனிந்து வழக்கமானதைச் சொன்னார். எலிசியோ லேஸுக்குக் கையைக் கொண்டுபோனான். அங்கே கட்டுவதற்கு எதுவும் இல்லாதது போல ஒரு கணம் பார்த்தான். எழுந்து கையுறையை மாட்டினான்.

"பைத்தியமா உங்களுக்கு?" என்று துறைத் தலைவர் மேடையிலிருந்து கத்தினார். "இருபது நிமிஷத்துக்கு ஒரு முழு வருஷத்தை எரிப்பாங்களா?" கேசிமிர் ரோஜா ஜாக்கெட்டின் பைக்குள் கையை விட்டுக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நின்றார். டான்னர் ஓடிவந்து எலிசியோவைத் தரையிலிருந்து தூக்கி, இறக்கி, தன் இடத்தைக் கொடுத்தான்.

சேர்த்துவைத்த வருடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அவன்மேல் இறங்கின. முதல் பந்தைப் பிடித்தபோது அவன் தோள் அகன்றது, சட்டையின் தையல் விட்டது. இரண்டாவது பந்துக்குத் தாடி வந்தது. கடைவாய்ப்பல் ஒரேயடியாக முளைத்துவிட்டதால் கொஞ்சநேரம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஆடினான். நடுவர் அருகில் வந்து முதுகு எண்ணை மட்டும் சரிபார்த்துவிட்டுப் போனார். ஒரு உயரமான பந்தை எட்டிப் பிடிக்க வெளியே ஓடினான். காற்று அதை அவன் தலைக்குமேல் வளைத்து வலைக்குள் கொண்டுபோய் வைத்தது. சாதாரண கோல்கீப்பர் விடுகிற சாதாரண கோல். மைதானமே ஐயோ என்றது. எலிசியோ வலைக்குள்ளிருந்து பந்தைப் பொறுக்கி எடுத்தான், அவன் தோள்கள் குலுங்கின. அழுகிறான் என்று நினைத்து நொயேமி எழுந்துவிட்டாள். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். "பின்னாடி வாங்கடா சோம்பேறிங்களா! வேடிக்கையா பாக்குறீங்க?" என்று அவன் தடுப்பாட்டக்காரர்களைப் பார்த்துக் கத்தினான், முப்பது வயது ஆளின் தொண்டையில்.

ஹஸிந்தா சோளமாவில் அவித்த தமாலே நிறைந்த பானையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு பானையைக் கில்பெர்த்தோவிடம் கொடுத்துவிட்டு வேலிவரை இறங்கிப்போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நொயேமியும் பின்னாலேயே இறங்கினாள். மகன் ஒரு பந்தை நெஞ்சால் தடுத்துவிட்டு, மூச்சு வாங்க, இடுப்பில் கைவைத்து நின்றான்.

"பாரு," என்றாள், அழுதுகொண்டே. "உங்கப்பன் நிக்கிற மாதிரியே நிக்கிறான். இவ்வளவு பெரிய ஆளாயிட்டானே, அந்தச் சட்டை எப்படிடி பத்தும்? வயித்துல காத்தடிக்குமே."

நொயேமி அவளைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டு, நரைத்த தலையில் முத்தம் வைத்தாள். "நான் கெளம்புறேன்மா."

"இப்பவா? இன்னும் நாலு நிமிஷம் இருக்குடி. சாப்பிட்டுட்டுப் போ."

"இருக்கட்டும்மா."

அப்போது நடுவர் விசில் ஊதி பெனால்டிப் புள்ளியைக் காட்டினார். மில்லர்டுக்கு. கூட்டம் மொத்தமும் எழுந்து நின்றது. அப்பா மடங்கிய விரல்களால் பானையை அணைத்தபடி எழுந்தார், மதுக்கடைக்காரன் தொப்பியைக் கழற்றினான், மரிசேலாவின் பையன் வேலிமேல் ஏறினான். எல்லாரும் ஒரு பக்கம் பார்த்துக்கொண்டிருக்க, நொயேமி அவர்களுடைய முதுகுகளுக்குப் பின்னால் நடந்து வாசலுக்கு வந்தாள். காற்று எதிரே அடித்ததால் இரும்புக் கதவை இரண்டு கையாலும் தள்ள வேண்டியிருந்தது. அவள் வெளியே கால் வைத்தபோது பின்னால் பெரிய சத்தம் எழுந்தது. ஆர்க்கெல்காரர்கள் பந்து உள்ளே போனாலும் அப்படித்தான் கத்துவார்கள், தடுத்தாலும் அப்படித்தான் கத்துவார்கள். அவள் திரும்பிப் பார்க்காமல் கார் கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள்.