வெர்னாவுக்கு ஈடாக ஏற்றிய சட்டி

கோவேறு கழுதையின் முதுகில் இரண்டு பக்கமும் எடை ஒன்றாக இருக்க வேண்டும். கொஞ்சம் கூடினாலும் சேணம் சரிந்து முதுகு புண்ணாகும். எங்கள் அப்பா பழைய சேணத்தைப் புதுசென்று விற்றவர். அந்த வளர்ப்பில் வந்து இப்போது அதே கடையை நடத்தும் நானே தராசு விஷயத்தில் ஆர்வில் ஹாஸ்கெட்டிடம் வாலாட்ட மாட்டேன். காஸ்கேட் மலையில் நாற்பது வருஷம் சுமை ஏற்றியவர்.

அவர் மனைவி வெர்னா மார்ச்சில் போய்விட்டாள். எரிமலைக்குக் கீழே இருக்கும் ஏரிக்கரையில், வருஷா வருஷம் கூடாரம் போட்ட இடத்தில் தன் சாம்பலைத் தூவச் சொல்லியிருந்தாள். ஆர்வில் இரண்டு தடவை கிளம்பி, இரண்டு தடவையும் பாதி வழியில் பெட்டியோடு திரும்பிவிட்டார். இனிப் பனி விழுந்தால் பாதை அடைபட்டுவிடும். அதனால் இந்தத் தடவை நானும் ஒட்டிக்கொண்டேன்.

அந்தப் பாதுகாக்கப்பட்ட காட்டுக்குள் சக்கரம் வைத்த எதற்கும் அனுமதி இல்லை. பிஸ்கட் என்ற கோவேறு கழுதைதான் கதி. சாம்பல் பெட்டியைக் கொக்கித் தராசில் மாட்டினார். ஆறு பவுண்டு. மறுபக்கத்துக்கு ஈடு வேண்டுமே. சமையலறைக்குள் போய் வெர்னாவின் இரும்புச் சட்டியோடு வந்தார். அதுவும் சரியாக ஆறு.

ஏரிக்கரையில் மதியம் முழுக்கப் பெட்டியை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். மேகம் இறங்குகிறது என்றேன். காதில் வாங்கவில்லை. கடைசியில், "இவளை இங்க விட்டுட்டா, திரும்புறப்ப பிஸ்கட்டுக்கு ஒரு பக்கம் சாயும்யா" என்றார்.

சாக்குச் சொல்லும் ஆளை எனக்குத் தெரியாதா? தினம் கடையில் பார்க்கிறேன்.

"அதுக்கென்ன, ஒரு கல்லப் போட்டுக்கிட்டா ஆச்சு."

அவர் எழுந்து, கூடாரம் போடும் மேட்டில் தூவினார். காற்று கொஞ்சம் சாம்பலை அவர் சட்டைக் கையிலேயே கொண்டுவந்து அப்பியது. தட்டிவிடவில்லை.

நான் தலையளவு கல் ஒன்றைப் பொறுக்கி வந்து தராசில் மாட்டினேன். எரிமலை துப்பிய நுரைக்கல். முள் இரண்டு பவுண்டைக்கூடத் தொடவில்லை.

"நம்ம கடைச் சரக்கு மாதிரியே இருக்கு. பார்வைக்குத்தான் பெருசு."

மார்ச்சுக்குப் பிறகு அன்றைக்குத்தான் ஆர்வில் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே வேறு ஏதோவாக மாறியது. நான் பார்க்காத மாதிரி இன்னொரு கல் தேடப் போனேன்.

"வேணாம்யா. அவ பக்கத்துல கல்லப் போடாத."

பிஸ்கட்டின் தீவனத்துக்குக் கொண்டுவந்த பார்லிப் பையிலிருந்து கொஞ்சத்தை அந்தப் பக்கம் மாற்றினால் போதும், எடை நேராகிவிடும். எனக்கே தெரிந்தது அவருக்குத் தெரியாதா? அவர் சட்டியை வெளியே எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தார். பதினோரு மைல். ஓடை தாண்டும்போதெல்லாம் கை நீட்டினேன், கொடுக்கவில்லை.

அடிவாரத்தில் லாரிக்குப் பக்கத்தில் நின்று சட்டையைக் குனிந்து பார்த்தார். முன்பக்கம் பூராவும் சட்டிக் கரி.

"இதப் பாத்தா வெர்னா என்னக் கொன்னே போட்டுருவா" என்று என்னிடம் சொன்னார்.

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. நான் பிஸ்கட்டின் வாரை அவிழ்க்க ஆரம்பித்தேன்.