நானூற்றுப் பதினேழாம் சங்கிலி

அந்தச் சங்கிலியை இழுத்தது நான்தான். தெரியாமல் இழுக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பிறகு பூசி மெழுகத் தோன்றும்.

எங்கள் சுரங்கத்தின் உடை மாற்றும் கூடத்தில் அலமாரி கிடையாது. கூரையிலிருந்து ஆளுக்கொரு சங்கிலி தொங்கும். வீட்டு உடுப்பைக் கொக்கியில் மாட்டி, உயரே ஏற்றி, கீழே பூட்டிவிட்டுக் கரி வெட்டப் போவோம். சனிக்கிழமை அவரவர் சங்கிலிக்கு அவரவர் எண்ணெய் விடவேண்டும். போனவர் உயிரோடு திரும்பாவிட்டால் பூட்டை மட்டும் கழற்றிவிடுவார்கள். உடுப்பு மேலேயே இருக்கும். மனைவி வந்து தன் கையால் இறக்கும்வரை வேறு யாரும் அதைத் தொடமாட்டார்கள், எண்ணெயும் விடமாட்டார்கள்.

பெரும்பாலும் ஒரு வாரத்தில் வந்துவிடுவார்கள். ஹன்னி அத்தை ஒன்பது வருடமாக வரவில்லை.

அத்தை எங்கள் இசைக்குழுவின் பாடகன் ஹோல்கரின் அம்மா. ஏன் வரவில்லை என்று அவன் ஒருமுறை சொன்னான். அவன் அப்பாவின் பிறந்தநாளுக்கு அத்தை ஒரு சிவப்பு மஃப்ளர் பின்னியிருந்தாள். "இதைச் சுத்திக்கிட்டுப் போனா தீயணைப்பு வண்டின்னு எல்லாரும் வழி விடுவாங்க" என்று அவர் சிரித்தார். பேச்சு முற்றிச் சண்டையாகி, கதவை அறைந்துவிட்டுப் போனார். அன்றைக்குத்தான் பாறை சரிந்தது. மஃப்ளர் வீட்டில் இல்லை. போட்டுக்கொண்டு போனாரா, வழியில் எங்கேயாவது எறிந்தாரா, தெரியாது. உடுப்பு மேலே இருக்கும்வரை போட்டுக்கொண்டுதான் போனார் என்று அத்தை நினைத்துக்கொள்ளலாம்.

இது தெரிந்துதான் இழுத்தேன்.

எங்கள் இசைக்குழுவுக்கு 'எட்டாம் தளம்' என்று பெயர். நாலு பேருமே சுரங்கத்து வீட்டுப் பிள்ளைகள். கிதாரின் உறுமலோடு இயந்திரச் சத்தங்களையும் வெட்டி ஒட்டித் தாளமாக்குவோம். சத்தம் பிடிப்பது இந்த இங்கோவின் வேலை. என் தோள்பையில் பதிவுக் கருவி எப்போதும் இருக்கும். 1993 வசந்தத்தில், மூன்றாவது ஆல்பத்துக்காக, ஒரு ஞாயிறு அந்தக் கூடத்தில் தனியாக இருந்தேன். என் சங்கிலியை இழுத்தேன், பூட்டாமல் கிடந்த மற்றவர்கள் சங்கிலிகளை இழுத்தேன். எல்லாம் எண்ணெய் குடித்தவை, வழுக்கிக்கொண்டு வந்தன. கூரையில் வறண்டது ஒன்றே ஒன்றுதான், ஹோல்கரின் அப்பாவுடைய நானூற்றுப் பதினேழு. பாதிவரை இறக்கினேன். கத்தியது. நிமிர்ந்து பார்க்கவில்லை, அந்த அளவுக்காவது வெட்கம் இருந்தது. திரும்ப ஏற்றிவிட்டு வந்தேன்.

ஸ்டுடியோவில் அதைக் கேட்ட ஹோல்கர் ஹெட்ஃபோனைக் கழற்றினான்.

"டேய் இங்கோ, இதை எங்கடா புடிச்ச?"

"நம்ம சுரங்கத்துலதான்."

நாலாவது பாட்டை அதன்மேல் ஒரே மூச்சில் பாடினான். அவன் அதற்கு முன்பும் அப்படிப் பாடியதில்லை, பின்பும் இல்லை.

அக்டோபரில் ஆல்பம் வந்தது. ஹாம்பர்க் பத்திரிகை ஒன்று பத்துக்குப் பத்து போட்டது. நாலாவது பாட்டின் அலறல் 'கணினி யுகத்தின் தனிமை' என்று எழுதினான் ஒரு மகாராசன். கணினியாம்! ஆனாலும் வெட்டிப் பத்திரப்படுத்திக்கொண்டேன், பொய் சொல்வானேன்.

டிசம்பர் நாலு, சுரங்கக்காரர்களைக் காக்கும் புனித பார்பராவின் திருநாள். பூசை முடிந்து ஊரே சுரங்கத்து மண்டபத்தில் பீரும் கறி உருண்டையுமாக உட்கார்ந்திருந்தது. தொழிலாளர் குழுத் தலைவர் கொஸ்மாலா எங்கள் ஆல்பத்தைப் போட்டுவிட்டார்.

"இதைக் காசு குடுத்து வேற வாங்குறானுங்களா? எனக்கு அடியில எட்டு மணி நேரம் ஓசியில கேக்குது!"

"ஹோல்கரு, தொண்டைக்கு மருந்து எதாவது குடிடா!"

எல்லாரையும்விட உரக்கச் சிரித்தது ஹன்னி அத்தைதான். மூன்றாவது பாட்டு முடியும்போது எழுந்து கொஸ்மாலாவிடம் போனேன். நிறுத்தச் சொன்னேன்.

"இருடா, இப்பத்தான் சூடு புடிக்குது" என்றார் கொஸ்மாலா.

சங்கிலி கத்தியது.

ஹாம்பர்க்காரனுக்குத் தெரியாதது இந்த மண்டபத்துக்குத் தெரியும். எண்ணெய் காணாத சங்கிலி யாருடையது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. கண்ணாடிக் குவளைகள் மேசைக்கு இறங்கின. ஒருவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு எழுந்தார், பிறகு இன்னொருவர், பிறகு எல்லாரும். ஹோல்கர் அவர்களைப் பார்த்தான், அப்புறம் என்னைப் பார்த்தான். அடுத்த நொடி என் சட்டைக் காலர் அவன் கையில் இருந்தது.

"விடுடா அவனை" என்றாள் அத்தை. என் அருகில் வந்தாள். "நீதான் இறக்குனியா?"

"பாதிதான் அத்தை."

"பாத்தியா?"

"இல்ல. சத்தியமா நிமிரவே இல்ல."

அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. ஒன்பது வருடமாக அவள் காத்துவைத்திருந்ததை ஒரு சத்தத்துக்காக நான் அசைத்துவிட்டேன்.

"தொட்டாச்சு. இனிமே அதை அப்படியே விட்டுவைக்க என்னால ஆகாது. ஹோல்கர், வாடா. இங்கோ, நீயும் வா."

கூடம் பக்கத்திலேயே இருந்தது. மற்றவர்கள் வாசலோடு நின்றுவிட்டார்கள். அத்தை இரண்டு கையாலும் சங்கிலியைப் பிடித்தாள். ஹோல்கர் உதவப் போனான், தலையசைத்து மறுத்துவிட்டாள். பாட்டில் கேட்டதைப்போல இரண்டு மடங்கு நேரம் அது கத்தியது. தூசி எங்கள் தலையில் கொட்டியது.

கோட்டு விறைத்துப்போயிருந்தது. பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். உள்ளே, சட்டைக்கும் கோட்டுக்கும் நடுவில், ஒரு செய்தித்தாள் பொட்டலம். பாறை சரிந்த அன்றைய தேதி. கரி படாதிருக்க நாலாக மடித்து, மஃப்ளரைப் பொதிந்து வைத்திருந்தார். நிறம் கொஞ்சமும் மங்கவில்லை.

"தீயணைப்பு வண்டியேதான்" என்றாள் அத்தை. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். ஹோல்கரும் அவளைக் கட்டிக்கொண்டு அழுதான்.

"அடுத்த பதிப்புல அந்தப் பாட்டை எடுத்துடுறேன் அத்தை" என்றேன்.

"எடுக்காத. அவன் நல்லாப் பாடியிருக்கான். அதுல இருக்கறது பாதிதானே, ஊரு கேட்டுட்டுப் போகட்டும்." மஃப்ளரால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "மீதிப் பாதி என்னோடது. தோள்பையிலேர்ந்து கையை எடு."

பதிவுக் கருவியின் மேலிருந்து எடுத்தேன்.