சின்னுசாமி கையில் எரிந்த கற்பூரம்

முப்பத்தேழாம் வருஷம் ஆவணியில் சின்னுசாமியின் வலது உள்ளங்கையில் ஏற்றிய கற்பூரம் அவன் உயிரோடு இருந்தவரை அணையவில்லை. மோகனூரில், ஆற்றங்கரைக் கருப்பணார் கோயில் வாசலில், மனைவி முத்தாயியும் அவள் அண்ணன் காளியப்பனும் பார்த்து நிற்க, இனிக் குடிப்பதில்லை என்று சத்தியம் செய்ய வந்திருந்தான். கற்பூரத்தைக் கையில் ஏற்றி, சொல்ல வேண்டியதைச் சொல்லி, மறு கையால் அடித்து அணைக்க வேண்டும். அணைத்தால்தான் சத்தியம். அதே வாசலில் அவன் முன்பும் சில தடவை நன்றாகவே அணைத்திருக்கிறான். ஒவ்வொரு தடவையும் தன் ஊர் போய்ச் சேரும் முன்பே, வழியில் ராசிபுரத்துச் சாராயக் கடையில் உட்கார்ந்திருக்கிறான். கடைசித் தடவை குடித்துவிட்டு வந்து முத்தாயியின் முன்கையை முறித்தான். கட்டோடு மோகனூரில் அண்ணன் வீட்டுக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. இந்தத் தடவை அவன் அடித்துப் பார்த்தான், ஊதிப் பார்த்தான். காளியப்பன் ஆற்றுக்கு இழுத்துப் போய்க் கையைத் தண்ணீருக்குள் முக்கினான். உள்ளேயும் எரிந்தது. மீன் குஞ்சுகள் வெளிச்சத்துக்கு வந்து பார்த்துவிட்டுப் போயின.

"சுடுதுங்களா மாப்ள?"

"இல்லீங்க மச்சான். வெதுவெதுன்னுதான் இருக்குது."

"அப்பச் சத்தியம் ஆகலீங்க. அணைஞ்சதும் சொல்லியனுப்புங்க, தங்கச்சிய அனுப்பறன்."

முத்தாயி அந்த அளவுக்குக்கூட நம்பவில்லை. சத்தியத்துக்குக் கட்டுப்படாமல் தப்பிக்க இது ஒரு புது வழி என்று அவளுக்குப் பட்டது. சந்தையில் வித்தை காட்டுகிறவர்களிடம் ஏதோ தைலம் வாங்கிப் பூசிக்கொண்டு வந்திருப்பான். அவன் கையை மோந்து பார்த்தாள். கற்பூர வாசனைதான் வந்தது. அதனாலேயே சந்தேகம் கூடியது.

கையில் தீயோடு பிழைப்பது கடினம்தான், ஆனால் முடிந்தது. கிணற்றில் மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கக் கவலை ஓட்டும்போது கயிற்றை இடது கையில் பிடித்தான். வைக்கோல் போர்ப் பக்கம் யாரும் அவனை விடவில்லை. இடது கையால் சாப்பிட்டதால் விருந்துகளில் பந்திக்கு வெளியே தனி இலை போட்டார்கள். அமாவாசைதோறும் மோகனூருக்கு பஸ் ஏறினான். கண்டக்டர் அவனை ஜன்னல் ஓரம் உட்காரவைத்து, கையை வெளியே நீட்டிக்கொள்ளச் சொல்வார். முத்தாயி வாசற்படியிலேயே நிறுத்தி, வாயைத் திறக்கச் சொல்லி மோந்து பார்த்துவிட்டு, சோறு போட்டு அனுப்பிவிடுவாள்.

ஆவணிக்கு அடுத்த மாதமே ஜில்லா முழுக்கச் சாராயக் கடைகளை மூடும்படி உத்தரவு வந்தது. அது சின்னுசாமிக்குக் கெடுதலாகப் போயிற்று. கடையே இல்லாத ஊரில் குடிக்காமல் இருப்பவனுக்கு என்ன பெருமை என்று ஊரார் கேட்டார்கள். எண்ணெயும் திரியும் இல்லாமல் எதுவும் எரியாது, உள்ளே ஊறிய பழைய சாராயம்தான் எரிகிறது, அது தீர்ந்ததும் அணைந்துவிடும் என்றார்கள். அப்படியும் அணையாதபோது, தீராமல் எங்கேயோ ஊற்றிக்கொள்கிறான் என்று பேச்சு மாறியது. போலீஸ்காரர்கள் வந்து அடுப்படியைத் தோண்டினார்கள். ஒரு பானைகூட அகப்படவில்லை. போகும்போது அவன் கையிலேயே பீடி பற்றவைத்துக்கொண்டார்கள். இதெல்லாம் காதுக்கு வரும்போது முத்தாயி, "தோண்டத் தெரியாதவங்க தோண்டியிருப்பாங்க" என்பாள்.

யுத்தத்தின் நடுவில், நாற்பத்து நான்காம் வருஷம், கடைகள் மறுபடி திறந்தன. முத்தாயி அண்ணனிடம்கூடச் சொல்லாமல் பஸ் ஏறி, பொழுது சாயும் நேரத்தில் ராசிபுரத்துக் கடைக்கு எதிரே ஒரு புளியமரத்தின் பின்னால் நின்றாள். அவன் வருவான் என்று நிச்சயமாகத் தெரிந்திருந்தது. வந்தான். சாலையில் முதலில் தீ தெரிந்தது, பிறகு ஆள். அவள் எதிர்பார்த்தது நடந்ததில் அவளுக்கு ஒரு கசப்பான திருப்திகூட இருந்தது. கடை வாசலில் இருந்தவர்கள் எழுந்து, பீடியை நீட்டிக்கொண்டு அவனைச் சூழ்ந்தார்கள். பொன்னன் என்ற பங்காளி மகன் ஒரு கிளாஸை அவன் இடது கையில் திணித்தான்.

"ஒரு மடக்குத்தானுங்க சித்தப்பா. உங்க சத்தியந்தான் இன்னும் ஆகவே இல்லியே, யாரு கேக்கப் போறா?"

சின்னுசாமி கிளாஸை வெகுநேரம் பார்த்தான். சாராயம் கொஞ்சம் சிந்தி, கால் விரலில் விழுந்தது.

"அதாம் பொன்னா," என்று அவன் கிளாஸைத் திருப்பிக் கொடுத்தான். "ஆகியிருந்தாக் குடிச்சிருப்பேன். ஆன சத்தியத்தையெல்லாம் குடிச்சுத்தான தீத்தேன். இது இன்னும் ஆகல. அதான் இன்னிக்கும் குடிக்க முடியல."

புளியமரத்தின் பின்னாலிருந்து முத்தாயி நேராக வந்து, அத்தனை பேர் முன்னால், "ஏனுங்க, வாயத் தொறங்க" என்றாள். அவன் திறந்தான். மோந்தாள். கடைக்காரன் சிரித்ததற்கு, "உன்ற ஊட்டுக்காரி மோந்தா நீ செத்தே போவே" என்று சொல்லிவிட்டு நடந்தாள். மோகனூர்ப் பக்கம் அல்ல, அவன் வீட்டுப் பக்கம். நம்பி வந்தேன் என்று அன்றும் அவள் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. தினம் மோந்து பார்க்கலாம், பஸ் செலவு மிச்சம் என்றாள்.

அந்த வருஷங்களில் தீப்பெட்டி கிடைப்பது அரிதாக இருந்தது. அடுப்பை அவன் கையிலேயே பற்றவைத்தாள். அவன் தூங்கும்போது எழுந்து உட்கார்ந்து தீயைப் பார்த்துவிட்டுப் படுப்பாள். தை மாதம் வந்த காளியப்பன், இத்தனை வருஷம் ஆயிற்றே, கோயிலுக்குப் போய் இன்னொரு தடவை அணைத்துப் பார்க்கலாமா என்று கேட்டான். சின்னுசாமிக்கும் ஆசைதான், வலது கையால் ஒருவாய் சோறு தின்று பார்க்க வேண்டும் என்றான். முத்தாயி உலையிலிருந்து திரும்பவே இல்லை.

"சும்மா இருங்கண்ணா. அணைஞ்சுதுன்னா நாளைக்கே கடையில நிப்பாரு."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. நாற்பத்தொன்பதாம் வருஷம் மாசியில் காய்ச்சல் கண்டு சின்னுசாமி இறந்தான். தீ அப்போதும் எரிந்துகொண்டுதான் இருந்தது. அணைக்கலாமா என்று யாரும் கேட்கவில்லை. கோடித் துணி போர்த்தியவர்கள், துணியில் பற்றிவிடாதபடி, வலது கையை மட்டும் வெளியே விட்டுப் போர்த்தினார்கள்.