இரும்புலியின் சுருதி

என் கணவர் ஆஸ்டினுக்கு ஐம்பத்தெட்டு வயது. பகலில் இன்சூரன்ஸ் கம்பெனி வேலை. மாலையில் ‘இரும்புலி’ என்ற மெட்டல் பேண்டின் கிட்டாரிஸ்ட். கல்லூரி நாட்களில் இரும்புலியூரில் ஒரு ஷெட்டில் தொடங்கியதால் அந்தப் பெயர். முப்பத்தெட்டு வருடத்தில் இரண்டு கேசட், ஒரு சிடி, ஷில்லாங்கில் ஒரு கச்சேரி. அங்கே நாலாயிரம் பேர் கூடவே பாடினார்களாம். எங்களுக்குக் கல்யாணமான புதிதில் அது இரண்டாயிரமாக இருந்தது.

திங்கட்கிழமைகளில் எங்கள் கொடியில் மண்டையோடு போட்ட கறுப்பு டி-ஷர்ட்டுகள் காயும். கீழ்வீட்டு முனியம்மா வாசலில் நின்றே குரல் கொடுப்பார்: “டீச்சரே, மழ வர்ற மாரி கீது. மண்டவோட்டெல்லாம் எட்த்து உள்ள போடுங்க.”

இவ்வளவு கேலி பேசும் எனக்கும் ஒரு மேடை உண்டு. செம்பாக்கத்தில் எங்கள் சர்ச் கொயரில் நான் சொப்ரானோ, பெண்களில் மேல்சுருதிக் குரல். ஒவ்வொரு டிசம்பரும் கேரல் சர்வீஸில் எனக்கு ஒரு தனிப்பாட்டு; கொயர் பின்னால் சேர்ந்து பாடும். கொயர் மாஸ்டர் சுந்தர்சிங் சாரே எழுதி மெட்டமைத்தது. கடைசி அடியில் ‘வானமே’ என்று ஒரு உச்சம் வரும். இருபத்திரண்டு வருடமாக அந்த ‘வானமே’ என்னுடையது. சமைப்பதும் பாடம் நடத்துவதும் யாரோ ஒருவருக்காக. அந்த ஒரு சொல் மட்டும் எனக்காக. வெளியே சொன்னதில்லை. கர்த்தருக்காகப் பாடுவதாகத்தான் பேச்சு.

போன வருடம் அந்த இடத்தில் குரல் லேசாகப் பிசிறியது. இந்த நவம்பரில் சுந்தர்சிங் சார் கண்ணாடியைத் துடைத்தபடி, “ஹெப்சிம்மா, இந்த வருஷம் ஜென்சிக்கு ஒரு சான்ஸ் குடுத்துப் பாக்கலாமா?” என்றார். ஜென்சிக்கு இருபத்து நாலு வயது.

“ரெண்டு வாரம் டைம் குடுங்க சார். எட்டலன்னா நானே விட்டுடறேன்.”

ஆஸ்டினைத் துணைக்கு வாசிக்கச் சொன்னேன். முதல் நாள் ‘வானமே’ எட்டவில்லை. அவர் போய் டீ போட்டுக்கொண்டு வந்தார். மூன்றாம் நாள் எட்டியது. பத்தாம் நாள் அந்த உச்சியிலேயே நின்று ஊரைச் சுற்றிப் பார்க்கலாம் போலிருந்தது.

“எப்படிங்க?”

“சூப்பர் ஹெப்சி. உனக்கு வயசே ஆகல,” என்றார், கிட்டாரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சனிக்கிழமை ஒத்திகையில், “ஆரம்பிங்க சார்,” என்றேன், கொஞ்சம் கர்வத்தோடுதான். சுந்தர்சிங் சார் கீபோர்டு வாசித்தார். ‘வானமே’ வந்தது. தாம்பரம் ஸ்டேஷனில் பிரேக் போடும் மின்சார ரயில் மாதிரி என் குரல் கிறீச்சிட்டு நின்றது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்து, போன வருடத்துப் பாட்டை ஃபோனில் ஓடவிட்டு, பக்கத்தில் கிட்டார் கம்பியைத் தட்டிப் பார்த்தேன். கிட்டாரின் சுருதி கீழே இருந்தது.

“எவ்ளோ இறக்கினீங்க?”

அப்போதுதான் உள்ளே வந்த ஆஸ்டின் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. “முதல்ல அரைக் கட்டை. அடுத்த வாரம் இன்னொரு அரை.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“ஃபிரெடிகிட்டயும் சொன்னதில்ல.”

ஃபிரெடி அண்ணன் இரும்புலியின் பாடகர், அறுபதைத் தாண்டியவர். ‘தொண்ணூத்தொண்ணுல பாடின அதே சுருதி சிஸ்டர்’ என்று எங்கள் வீட்டில் சாப்பிடும்போதெல்லாம் மார்தட்டுவார். பன்னிரண்டு வருடமாக ஆஸ்டினும், பேஸ் கிட்டார் வாசிக்கும் மோகன்ராஜும் அவருக்குத் தெரியாமல் கம்பிகளைத் தளர்த்திக்கொண்டே வருகிறார்களாம்.

“கம்பி தளர்ந்தா சவுண்டு கனமாகும். ‘வர வர நாம ஹெவியாயிட்டோம் மச்சான்’னு அவனுக்கு ஒரே சந்தோஷம்.”

“அவருக்கு நீங்கதான் சுருதி. எனக்கு சர்ச்சுல கீபோர்டு. அதை யோசிச்சீங்களா?”

யோசிக்கவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. “மூணாம் நாள் நீ சிரிச்ச பாரு,” என்றார். “அப்புறம் ஏத்த மனசு வரல.”

பாத்திரம் தேய்க்கும்போது கோபத்தைச் சரியாகப் பிடித்து வைத்துக்கொள்ள முடியவில்லை. ஏமாற்றப்பட்டேன், சரி. ஆனால் பத்தாம் நாள் நெஞ்சு திறந்துகொண்டது பொய்யா? எனக்கு வேண்டியிருந்தது அந்த உயரமா, அந்தச் சொல்லா? இருபத்திரண்டு வருடமாக இரண்டும் ஒன்றென்றே நினைத்திருக்கிறேன். உயரம்தான் என்றால் அது ஜென்சியிடம் போகட்டும்.

மறுநாள் ஆராதனை முடிந்து கொயர் கலைவதற்குள் போய் நின்றேன்.

“சார், எனக்கு அந்த சுருதி இனி எட்டாது. கீபோர்டை ஒரு கட்டை இறக்கிப் போடுங்க. அப்பவும் சரியா வரலன்னா ஜென்சி பாடட்டும்.”

எல்லோர் முன்னாலும் சொன்னேன். காது மடல் சுட்டது. அப்போது பின்வரிசையிலிருந்து ரத்தினபாய் அக்காவின் குரல்: “அப்பாடா! யாராவது கேப்பாங்களான்னு பாத்துக்கிட்டிருந்தேன். நாலு வருஷமா நான் வெறும் வாயைத்தான் அசைக்கிறேன்.”

“அப்ப ஆம்பளைங்க நாங்க தரைக்குள்ள இறங்கிப் பாடணுமா?” என்று முணுமுணுத்தபடியே சுந்தர்சிங் சார் கீபோர்டில் பொத்தானை அழுத்தினார். பாடினேன். ‘வானமே’ கொஞ்சம் தாழ்வாக, முழுசாக வந்தது. அவர் கண்ணாடியைத் துடைக்கவில்லை. “ஜென்சி அடுத்த வருஷம் பாடட்டும்,” என்றார்.

கேரல் சர்வீஸுக்கு ஃபிரெடி அண்ணன் மண்டையோட்டு டி-ஷர்ட்டின் மேல் கோட்டு போட்டுக்கொண்டு வந்திருந்தார். முடிந்ததும் முதல் ஆளாக ஓடிவந்தார்.

“சிஸ்டர், அதே சுருதி! நம்ம ரெண்டு பேருக்கும் வயசே ஆகல போங்க!”

பக்கத்தில் நின்ற ஆஸ்டின் குனிந்து ஷூ லேஸைக் கட்டத் தொடங்கினார். அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

“ஆமாண்ணா,” என்றேன்.