ஒரு நிமிஷம், அக்கா

திரையில் மறுபடியும் சிவப்பெழுத்துகள் கொட்டின. கடைசி வரி அதே பழைய பாட்டைத்தான் பாடியது: சி கம்பைலர் தோற்றுவிட்டது, நிறுவ முடியவில்லை. தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான். பக்கத்து நாற்காலியில் அக்கா மைக்கை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவள் வந்தவுடனேயே, மைக் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு பதிவை ஓடவிட்டவன், அதை நிறுத்த மறந்திருந்தான்.

வீட்டில் அவளுக்குப் பெயரே ரேடியோதான். தையல் கடையில் ஊசிக்கு நூல் கோக்கும்போதுகூட வாய் ஓயாது. அளவு கொடுக்க வருகிறவர்கள் நாலு கதை கேட்காமல் தப்ப முடியாது. பாழாய்ப்போன புற்று வேறு இடமே கிடைக்காதது போல அவள் தொண்டையில் வந்து உட்கார்ந்தது. நாளைக் காலையில் குரல்வளையையே எடுத்துவிடுவார்கள். ஆனால் திரையில் வரும் வாக்கியங்களை அவள் படித்துக் கொடுத்தால், பிற்பாடு அவள் தட்டச்சு செய்வதையெல்லாம் அவள் குரலிலேயே பேசும் மென்பொருள் ஒன்று இருந்தது. தேடிப் பிடித்தவன் தம்பி. பிழைப்பே கணினியோடுதான் என்பதால், சீக்கிரம் முடித்துவிடலாம் என்று பீற்றிக்கொண்டான்.

அதில் ஒரு பகுதி சி மொழியில் எழுதப்பட்டது; அதைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித்தரும் கம்பைலரை வைத்து அவன் கணினியிலேயே உருவாக்க வேண்டும். முதலில் கம்பைலரே இல்லை என்றது. போட்டான். தோற்றது. கழற்றிவிட்டு வேறு பதிப்பைப் போட்டான். அதுவும் மண்ணைக் கவ்வியது. சாப்பாட்டு வேளை போயே போய்விட்டது.

"டேய், அது கிடக்கட்டும். உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"ஒரு நிமிஷம்க்கா. கொஞ்சம் சும்மா இரேன்."

"நாளையிலேருந்து சும்மாதானேடா இருக்கப் போறேன்" என்று சிரித்தாள். அவன் காதில் அது விழுந்ததா என்பதே சந்தேகம். மறுபடியும் கம்பைலரைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

வெயில் இறங்கிய பிறகு, அலுத்துப்போய்ச் சிவப்பு வரிகளை மேலே மேலே தள்ளிக்கொண்டு போனபோதுதான் விஷயம் கண்ணில் பட்டது. கம்பைலர் மேல் குற்றமே இல்லை. அது தேடிய ஹெடர் என்ற சின்னத் துணைக்கோப்பு ஒன்று கணினியில் இல்லை, அவ்வளவுதான். அதைத் தெளிவாகத்தான் சொல்லியிருந்தது. இவன்தான் ஒவ்வொரு முறையும் கடைசி வரியை மட்டும் படித்துவிட்டு மல்லுக்கட்டியிருக்கிறான். கோப்பைப் போட்டதும் எல்லாம் மளமளவென்று முடிந்தது.

அக்கா படித்தாள். ஜன்னல் ஓரம் நாற்காலி இருக்கிறது. மழை நின்றதும் கடைக்குப் போகலாம். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நிறுத்தி நிறுத்திப் படித்தாள். குரல் கட்டியபோது தண்ணீர் குடித்துவிட்டுப் படித்தாள். கடைசி வாக்கியம் முடியும்போது அவள் வீட்டுக்காரர், மாமா, துணிப்பையோடு வாசலில் நின்றார். "ஆஸ்பத்திரியில சேர நேரமாச்சு மச்சான்" என்றார், யார் முகத்தையும் பார்க்காமல்.

"என்னமோ சொல்லணும்னியேக்கா?"

"ஜன்னல், நாற்காலின்னு படிச்சதுல அது மறந்தே போச்சுடா. வந்து சொல்றேன்." சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. மாமாவின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு படியிறங்கினாள்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. வீடு திரும்பியவளிடம் அவன் அதையே கேட்டான். அவள் தட்டச்சு செய்தாள். "ஞாபகம் இல்லடா" என்றது கணினி. அச்சு அசல் ரேடியோவின் குரல். அவள் சொல்லிவிட்டுச் சிரிக்கிற சிரிப்பு மட்டும் அதில் இல்லை.

பிறகு ஒருநாள் தன் அறையில் தனியாக இருக்கையில், நிறுத்த மறந்த அந்தப் பதிவு அகப்பட்டது. ஆவலோடு ஓடவிட்டான். "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள் அக்கா. "கொஞ்சம் சும்மா இரேன்" என்றது அவன் குரல். அவள் சிரிப்பு கேட்டது. அப்புறம் விசைப்பலகையின் படபட சத்தம், நெடுநேரம். அவன் கை ஓய்ந்த இடங்களில் திரையில் ஒலியைக் காட்டும் கோடு நேராக ஓடியது. மடியிலிருந்த மைக்கில் அக்காவின் மூச்சு பட்டபோது மட்டும் லேசாக எழுந்து அடங்கியது.