பிரீடா இறங்கிப் பாடிய இடம்

1

இதை நான் முதலில் சோகக் கதையாக எழுதிவிட்டேன். கொழும்பு கொட்டாஞ்சேனையிலிருந்து இஸ்ரேலுக்கு முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போன பெண் என்றதும் என் கை தானாகவே ஒரு கொடுமையைத் தேடியது. ‘கடவுச்சீட்டைப் பறித்துக்கொண்ட அந்த வீட்டுக்காரி—’

அப்படிப் போய்வந்த யோசெப்பின் என்ற அந்தப் பெண் வாசித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தார்.

“எனக்கு அங்க அப்பிடி ஒண்டும் நடக்கல்ல. பிரீடா என்னை நல்லா வச்சிருந்தாங்க. அந்த நன்றிக்குத்தான் இந்த மியூசிக்கே. நீங்க என்ன எழுதி வச்சிருக்கீங்க?”

ஆகவே, மறுபடியும்.

2

யோசெப்பின் ஒரு பியானோ ஆசிரியை. ஹைஃபா நகரில் பிரீடா என்ற வயதான யூதப் பெண்மணியை ஆறு வருடம் பார்த்துக்கொண்டவர். மகளின் பெயரே மறந்துபோன பிரீடாவுக்குப் பண்டிகைப் பாட்டுகள் மட்டும் மறக்கவில்லை. பாஸ்கா விருந்தில் மேசையைத் தட்டித் தட்டிப் பாடுவாராம். யோசெப்பின் அவற்றைக் கொப்பியில் குறித்துக்கொண்டார். பிரீடா இறந்து, இவர் ஊர் திரும்பிய பிறகு, அந்தக் கொப்பியிலிருந்து பியானோ, வயலின், செலோ மூன்றுக்குமாக ஓர் இசையை எழுதினார்.

(நான் யார் என்று கேட்பீர்கள். வெள்ளவத்தையிலிருந்து பஸ் ஏறிப்போய், ஒத்திகையில் அவருக்குப் பக்கம் புரட்டுபவள். எனக்கு இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியும். வாத்தியம் வாசிக்கத் தெரியாது.)

3

ஒருநாள் வயலின்காரர் றேமண்ட் வில்லைக் கீழே வைத்தார்.

“அக்கா, இந்த இடம் பிழை. யூடியூப்ல இந்தப் பாட்டப் பத்துப் பேர் பாடுறதக் கேட்டுட்டன். எல்லாரும் சுரத்தில மேல போறாங்க. நீங்க மட்டும் கீழ இறங்குறீங்க.”

“பிரீடா இறங்கித்தான் பாடுவாங்க.”

“அவங்களுக்கு மறதி எண்டு நீங்கதானே சொன்னீங்க?”

செலோ வாசிக்கும் ரொஷேல் தன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இங்கே யோசெப்பின் எழுந்து ஆவேசமாகப் பேசுவதாக ஒரு பந்தி இருந்தது. அடித்துவிட்டேன். உண்மையில் அவர் பயந்துபோனார், ஒரு நோயை இசையென்று எழுதிவைத்துவிட்டோமோ என்று.

“அப்பிடியே ஒருக்கா வாசிப்பம். ரெக்கோட் பண்ணி பிரீடாட மகளுக்கு அனுப்புறன். அவ பிழை எண்டா மாத்துவம்.”

4

இரண்டு நாள் பதிலில்லை. (இங்கேயே முடித்திருந்தால் நவீனமாக இருந்திருக்கும்.)

மூன்றாம் நாள் ஒத்திகைக்கு நடுவில் குரல்பதிவு வந்தது. ஆங்கிலம், இடையிடையே அழுகை. யோசெப்பின் கேட்டுக் கேட்டு எங்களுக்குச் சொன்னார்:

“அந்த இடத்தில மேல பாடுறது அவட அப்பாவாம். அம்மா எப்பவும் கீழதானாம், ரெண்டு பேரும் சேர்ந்து. அவர் செத்த பிறகும் அம்மா தன்ட பங்க மட்டும்தான் பாடினாங்களாம்.”

றேமண்ட் பென்சிலை எடுத்துத் தன் தாளில் ஏதோ எழுதினார்.

“ரொஷேல், கீழ உள்ளத நீங்க எடுங்க. அவர்ட பங்க நான் வாசிக்கிறன்.”

வாசித்தார்கள். செலோ இறங்கியது, வயலின் ஏறியது. அப்படிப் பிரிந்துபோகும்போதே இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன. யோசெப்பின் கன்னத்தைத் துடைக்காமலே கடைசிவரை வாசித்தார்.

5

பிறகு மகளுக்குப் பதில் எழுதப் போனை எடுத்தார்.

“என்ன எழுதுறது?”

“தேங்க்யூ எண்டு போடுங்க அக்கா.”

“அது காணாது, றேமண்ட்.”

அடுத்த வரியை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மூன்றும் காணாது. அவர் இன்னும் போனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். உங்களுக்கு ஏதாவது தோன்றினால் சொல்லுங்கள்.